சொக்கலேற்றின் கசப்பும் இனிப்பும்

சொக்கலேற் என்றதும் நம் நாவில் ஊறுவது இனிப்பு. ஆயினும், அதன் நெடிய வரலாற்றிலே பெரும்பகுதி கசப்பின் வரலாறே ஆகும்.

கொக்கோ மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. இன்றைய எக்குவடோர் நாட்டில் ஏறக்குறைய 5300 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அதனைப் பயன்படுத்தினர் என்பதை அகழ்ந்தெடுத்த மட்கலங்கள் காட்டுகின்றன. பிற்காலத்தில் மத்திய அமெரிக்காவின் மாயா மக்களும், மெக்சிக்கோவை ஆண்ட அஸ்தெக்கரும் கொக்கோ விதையை வறுத்து அரைத்து, நீரிற் கரைத்து, மிளகாய் முதலியன சேர்த்து, நுரை எழும்படி உயரத்தினின்று ஆற்றிப் பருகினர். கரும்புச் சர்க்கரை அந்நாட்டார் அறியாத பொருள். அவர்தம் சந்தைகளில் அவ்விதையே நாணயமாகவும் வழங்கியது. ஆகவே, அஸ்தெக்கப் பிரபுக்கள் அப்பானத்தைப் பருகியது பணத்தைக் கரைத்துக் குடித்ததற்கு ஒப்பாகும்.

1519 ஆம் ஆண்டில் ஸ்பானியர் மெக்சிக்கோவில் அடிவைத்தனர். 1521 இல் அஸ்தெக்க அரசு வீழ்ந்தது. ஐரோப்பிய அரண்மனைகளை அடைந்த கொக்கோப் பானம் மிளகாயை நீக்கிச் சர்க்கரையையும் கறுவாவையும் ஏற்றது. சிறந்த கறுவாவுக்கு அன்று பெயர்பெற்றிருந்த நாடு நம் இலங்கையே. சர்க்கரையோ, பதினேழாம் நூற்றாண்டு முதல், கரீபியன் தீவுகளில் ஆபிரிக்க அடிமைகளின் வியர்வையில் விளைந்தது. பானத்தின் கசப்பு குறைந்தது. பிறர் வாழ்வில் அது கூடியது.

1828 இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிரிக்கும் அழுத்துபொறிக்கு உரிமை பெற்றனர். 1847 இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரத்துப் பிறை கம்பெனியார் கடித்துண்ணும் சொக்கலேற்றை வார்த்தனர். 1875 இல் சுவிற்சர்லாந்தின் டானியல் பீற்றர் அதிற் பாலைச் சேர்த்தார். இவ்வாறு அரசர் பருகிய பானம் ஆலைப்பண்டமாகிச் சிறுவர் கைக்கு வந்தது.

அப்பண்டத்துக்கு வேண்டிய கொக்கோவை விளைவித்தோர் யார்? போர்த்துக்கேயர் ஆண்ட சாவோ தோமே தீவில், அங்கோலாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் ஒப்பந்தத் தொழிலாளர் என்ற பெயரில் அடிமைகளாகவே உழைத்தனர். பல ஆண்டு விவாதத்தின் பின்னர், 1909 இல், கட்பரி முதலிய ஆங்கிலக் கம்பெனிகள் அத்தீவின் கொக்கோவை வாங்க மறுத்தன.

பொற்கரை என அன்று வழங்கிய கானாவின் கதை வேறு. 1879 இல் தெத்தே குவாஷி என்னும் கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொணர்ந்த கொக்கோ விதைகள் அங்கே முளைத்தன. சிறு விவசாயிகள் தம் சொந்த முயற்சியாற் பயிரைப் பெருக்கினர். 1937 இல் ஐரோப்பியக் கம்பெனிகள் தமக்குள் உடன்பட்டு விலையைக் கட்டுப்படுத்த முனைந்தபோது, அவ்விவசாயிகள் பல மாதங்கள் தம் விளைச்சலை விற்க மறுத்தனர். பிரித்தானிய அரசு விசாரணைக் குழுவொன்றை அனுப்ப நேர்ந்தது.

இன்று உலகக் கொக்கோவின் பெரும்பங்கு ஐவரிகோஸ்ற், கானா ஆகிய நாடுகளில் விளைகின்றது. கொக்கோத் தோட்டங்களிற் சிறுவரைக் கொடிய வேலைகளில் ஈடுபடுத்துவதை ஒழிப்பதாக 2001 இல் சொக்கலேற் உற்பத்தியாளர் உடன்படிக்கை செய்தனர். அக்குறை இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஒரு சிறுவன் சுவைக்கும் இனிப்புக்காக வேறொரு சிறுவன் பள்ளியை இழத்தலாகாது. அந்நிலை ஒழியும்வரை சொக்கலேற்றின் கசப்பு தீர்ந்ததாகக் கொள்வதற்கில்லை.