அசல் முத்திரையும் நகல் பிஸ்டலும்: துலாவிலிருந்து தர்ரா வரை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"ரி 56" என்ற பெயரைக் கேள்விப்படாத ஒருவர் கிழக்கில் இருக்க மாட்டார். யுத்த காலத்தில் அதைக் காணாமல் ஒரு சோதனைச் சாவடியைக் கடந்திருக்க மாட்டோம். இன்றும் பத்திரிகையில் "ரி 56 ரக துப்பாக்கி மீட்பு" என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது சீனாவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ரஷ்யாவின் கலஷ்னிகோவைப் பார்த்து சீனா செய்த நகல். 1956ஆம் ஆண்டு வடிவம் என்பதால் 56.

அந்த நகலுக்கு இரண்டு வயது மூத்த ஒரு சகோதரன் உண்டு. அது ரி 54. நீளத் துவக்கு அல்ல, பிஸ்டல். அதுவும் ஒரு ரஷ்ய ஆயுதத்தின் நகல்தான். அந்த ரஷ்ய ஆயுதம் ஓர் அமெரிக்கரின் யோசனையிலிருந்து பிறந்தது. சீன நகலைப் பார்த்து பாகிஸ்தானின் ஒரு மலைக் கிராமம் இன்னொரு நகல் செய்தது. இன்று பெஷாவரில் ஒருவர் குறைந்த விலைக்கு ஒரு பழைய "தேர்ட்டி போர்" பிஸ்டல் வாங்கினால், அவர் கையில் இருப்பது இந்த நாலு நாட்டுக் கதையும்தான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அமெரிக்கா

ஜோன் மோசஸ் பிரவ்னிங். 1855இல் யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரில் பிறந்தவர். தகப்பனும் துவக்குச் செய்பவர். இன்று உலகில் இருக்கும் பெரும்பாலான பிஸ்டல்களின் மேல்பாகம் பின்னால் ஓடி வெற்றுத் தோட்டாவைத் தள்ளி, புதியதை ஏற்றிக்கொண்டு திரும்பும் முறை அவரிடமிருந்துதான் பரவியது. அமெரிக்க இராணுவம் 1911இல் எடுத்துக்கொண்ட கோல்ட் பிஸ்டல் அவருடைய வடிவம். பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பனிக்கும் அவர் பல வடிவங்களைக் கொடுத்தார். 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில், அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே காலமானார்.

பிறகு ரஷ்யா

சோவியத் செஞ்சேனையிடம் அந்த நாட்களில் இருந்தது நாகன் என்ற பழைய சுழல்துப்பாக்கி. 1895ஆம் ஆண்டு வடிவம். ஏழு தோட்டா. ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும், ஒவ்வொன்றாக வெற்றுக்கூட்டை வெளியே தள்ள வேண்டும். இதற்கு மாற்று தேடியபோது துலா நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் இருந்த ஃபியோதோர் தொக்காரெவ் ஒரு வடிவத்தைக் கொண்டு வந்தார். 1930இல் முதல் வடிவம், 1933இல் திருத்திய வடிவம். துலாவின் "து", தொக்காரெவின் "தொ", இரண்டும் சேர்ந்துதான் டிடி என்ற பெயர்.

வெளித்தோற்றத்தில் அது பிரவ்னிங்கின் 1903ஆம் ஆண்டு பிஸ்டல் போல இருக்கும். உள்ளே குழாய் பூட்டிக்கொள்ளும் முறை 1911 கோல்ட்டுடையது. தோட்டாவோ ஜேர்மனியின் மவ்ஸர் பிஸ்டலுடையதைத் தழுவியது. "அப்படியென்றால் தொக்காரெவ் என்னதான் செய்தார்?" என்று கேட்பீர்கள்.

அவர் செய்தது எளிமையாக்கியது. சுத்தியலும் அதைச் சார்ந்த சிறு பாகங்களும் ஒரே தொகுதியாகக் கையோடு கழன்று வரும். குளிரிலும் சேற்றிலும் நிற்கும் ஒரு சாதாரண சிப்பாய் அதைக் கழற்றித் துடைத்துப் பூட்டலாம். குழாயிலுள்ள பூட்டு வளையங்களை 1933இல் முழு வட்டமாக மாற்றினார்கள். தொழிற்சாலையில் நேரமும் செலவும் மிச்சம். சேஃப்டி என்று தனியாக ஒரு விசையே வைக்கவில்லை. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தும் ஒரு தட்டு மட்டும்தான் பாதுகாப்பு.

யுத்தத்தில் இலட்சக்கணக்கில் செய்ய வேண்டியிருந்த ஒரு நாட்டுக்கு இந்த எளிமை பெரிய பலம். பின்னாளில் உலகம் முழுக்க அது நகலெடுக்கப்பட்டதற்கும் இதே எளிமைதான் ஒரு காரணம்.

1951இல் சோவியத் யூனியன் மகரோவ் என்ற புதிய பிஸ்டலுக்கு மாறியது. பழைய டிடியின் இடம் படிப்படியாகக் குறைந்தது. ஆனால் அதன் செய்முறை நட்பு நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. போலந்து, ஹங்கேரி, ருமேனியா, யூகோஸ்லாவியா, சீனா, வடகொரியா என்று எல்லோரும் தங்கள் தங்கள் டிடியைச் செய்தார்கள். யூகோஸ்லாவியா கைப்பிடியை நீட்டி எட்டுத் தோட்டாவை ஒன்பதாக்கியது. ஹங்கேரி எகிப்துக்காக ஒரு வடிவம் செய்து, அதில் சேஃப்டி விசை சேர்த்து, "தொக்காஜிப்ட்" என்று பெயரும் வைத்தது. சீனா செய்தது ரி 54.

இவை எல்லாம் நகல்தான். ஆனால் ஒன்றும் ஒளிவு மறைவாகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றிலும் செய்த நாட்டின் அடையாளம் இருந்தது. பிழை வந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மலையடிவாரத்துப் பட்டறைகள்

பெஷாவருக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீற்றரில், கோஹாட் போகும் கணவாய்ப் பாதையில் இருக்கிறது தர்ரா ஆதம் கேல். பஷ்தூன்களின் அஃப்ரீதி கோத்திரத்தில் ஆதம் கேல் பிரிவினரின் ஊர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அங்கே துவக்குச் செய்வது குடிசைத் தொழில்.

ஏன் அங்கே? அந்தக் கணவாயில் போக்குவரத்து தடைப்படாமல் இருக்க பிரித்தானியர் அந்தக் கோத்திரத்துக்குப் படிப்பணம் கொடுத்து வந்தார்கள். தங்கள் சட்டத்தை அதற்குள்ளே முழுமையாகக் கொண்டுபோக அவர்களால் முடியவில்லை. இராணுவ முகாமிலிருந்து திருட்டுப்போகும் நல்ல துவக்கை விட, ஊரிலே செய்யும் மட்டமான துவக்கு ஆபத்துக் குறைவு என்ற கணக்கும் அவர்களிடம் இருந்தது. பாகிஸ்தான் உருவான பின்பும் அந்தப் பகுதி தனி நிர்வாகத்தின் கீழேயே இருந்தது. 2018இல்தான் மாகாணத்தோடு இணைக்கப்பட்டது.

அங்கே தகப்பனிடமிருந்து மகன் பழகிய தொழில் இது. வரைபடம் இல்லை, பெரிய இயந்திரம் இல்லை. ஓர் அசலை முன்னால் வைத்துக்கொண்டு, அரத்தாலும் கையாலும் கண்ணாலும் அளந்து இன்னொன்றைச் செய்வார்கள். மார்ட்டினி ஹென்ரி, லீ என்ஃபீல்ட், வெப்லி என்று தொடங்கியது. 1979இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பின் கலஷ்னிகோவும் டிடியும் சேர்ந்துகொண்டன.

அவர்களுடைய கைத்திறன் சாதாரணமானதல்ல. ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன.

முதலாவது உலோகம். கிடைத்த பழைய இரும்பையும் பயன்படுத்தினார்கள், ரயில் தண்டவாளம் உட்பட. எந்தப் பாகம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதைக் கண்ணால் அளக்க முடியாது. இரண்டு பிஸ்டல் வெளியே ஒரே மாதிரி இருக்கலாம். ஒன்று ஆயிரம் தரம் சுட்டாலும் தாங்கும், மற்றது சில நாட்களிலேயே தேய்ந்து தளர்ந்துவிடும்.

இரண்டாவது முத்திரை. அசலைப் பார்த்துச் செய்யும்போது அதிலிருந்த எழுத்துகளையும் அப்படியே வெட்டினார்கள். ஆங்கிலம் தெரியாத கைகள் வெட்டிய எழுத்து. சிலதில் எழுத்து தலைகீழ், சிலதில் பெயரில் பிழை. விக்டோரியா மகாராணியின் கிரீட முத்திரை போட்ட துவக்குகளில் 1901க்குப் பிந்திய ஆண்டுகள் இருக்கும். அம்மையார் 1901 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்! பழைய ஆயுதம் சேகரிப்பவர்கள் தர்ரா நகலைப் பிடிப்பது இப்படித்தான். சீனப் பிஸ்டலின் நகல்கள் சிலவற்றில் "சைனாவில் செய்தது" என்பதற்குப் பதிலாக "சைனா போலச் செய்தது" என்ற பொருளில் ஆங்கிலம் இருக்கும். தெரியாமல் வந்த பிழையோ, தெரிந்தே சொன்ன உண்மையோ, அதுதான் அந்த ஆயுதத்திலிருந்த நேர்மையான வரி.

பழைய நகலை எப்படி எடைபோடுகிறார்கள்?

அமெரிக்காவிலும் பாகிஸ்தானிலும் அனுமதிப்பத்திரத்தோடு பழைய டிடி வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விலை குறைவு என்பதுதான் முதல் கவர்ச்சி. அவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று வாசித்தபோது, வரலாறு படிப்பிக்கும் எனக்கு அது ஒரு தொல்பொருள் ஆய்வு போலவே தோன்றியது.

ஒன்று, இலக்கம். மேல்பாகத்திலும் சட்டத்திலும் உள்ள இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா? ஒத்துப்போகாவிட்டால் வெவ்வேறு பிஸ்டல்களின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியிருக்கலாம்.

இரண்டு, குழாயின் உட்புறம். கம்யூனிஸ நாடுகளில் அந்தக் காலத்தில் செய்த தோட்டாக்கள் பலவற்றின் மருந்து, சுட்ட பின் உப்புப் படிவை விட்டுச் செல்லும். அன்றே கழுவாவிட்டால் துரு அரிக்கும். வெளியே பளபளப்பாகப் புதுக் கறுப்புப் பூசியிருந்தாலும், உள்ளே குழிகள் இருந்தால் முன்னைய சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

மூன்று, சேஃப்டி. அசல் டிடியில் அது இல்லை என்று சொன்னேன். 1968இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின்படி, இறக்குமதியாகும் பிஸ்டலில் அது வேண்டும். ஆகவே அங்கே போன நகல்களில் பின்னர் துளையிட்டு ஒரு விசை பொருத்தினார்கள். சிலர் அதைப் பிடிக்காமல் கழற்றிவிடுவார்கள். துளை மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தத் துளை ஒரு சட்டத்தின் வரலாற்றையே சொல்கிறது. 1994இல் கிளின்டன் அரசு சீனத் துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஆகவே அங்கே விற்பனைக்கு வரும் சீன டிடி பெரும்பாலும் அதற்கு முன் வந்த பழையதுதான்.

நான்கு, பாதி இழுத்த சுத்தியல். அசலிலிருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். தேய்ந்த நகலில் அது சரியாகப் பிடிக்காது. கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்வி: இதைச் செய்தவர் யார்? அதற்குப் பதில் இருந்தால் நகல் என்பது குறையே அல்ல. யூகோஸ்லாவிய நகல் சில விஷயங்களில் அசலை விட நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. பதில் இல்லாவிட்டால், அல்லது பொய்யான பதில் வெட்டியிருந்தால், வாங்குபவர் தன் கையையும் கண்ணையும் வைத்துச் சூதாடுகிறார்.

பார்த்துச் செய்வது களவு அல்ல. பிரவ்னிங்கைப் பார்த்து தொக்காரெவ் செய்தார், அவரைப் பார்த்து சீனா செய்தது. அறிவு அப்படித்தான் நாடு விட்டு நாடு போகிறது. "துப்பாக்கி" என்ற எங்கள் சொல்லே துருக்கியிலிருந்து வந்ததுதான். ஆனால் மற்றவரின் பெயரை வெட்டி விற்பது வேறு. பண்டத்தின் குறையை மறைத்து விற்பதைப் பற்றி எங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மருந்தானாலும் மோட்டார் சைக்கிள் பிரேக்கானாலும் கேள்வி அதேதான்.

தொழில் ஊருக்கு என்ன கொடுத்தது?

தர்ராவுக்குத் துவக்கு சோறு போட்டது. அதை மறுக்க முடியாது. ஆனால் விற்ற துவக்கு எங்கே போய் நிற்கும் என்பதை விற்பவன் தீர்மானிக்க முடியாது. ஆப்கான் யுத்தம் முடிந்தும் ஆயுதம் முடியவில்லை. ஆயுதக் குழுக்கள் அந்த ஊருக்குள்ளேயே வந்தன. 2008 மார்ச்சில் சமாதானம் பேசக் கூடிய ஜிர்கா ஒன்றில் தற்கொலைக் குண்டு வெடித்தது. 2010 நவம்பரில் ஜும்ஆவுக்காக நிரம்பியிருந்த பள்ளிவாசலில் இன்னொன்று. 60க்கும் அதிகமானோர் ஷஹீதானார்கள். பள்ளிவாசலுக்குள் இரத்தம் என்றால் என்ன என்று கிழக்கில் இருக்கும் எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதே தர்ராவில் 2018இல் ஒரு பொது நூலகம் திறக்கப்பட்டது. திறந்தவர் அந்த ஊர்க்காரர்தான். துவக்குக் கடை போடவென்று எழுப்பிய கட்டடத்தில் புத்தக அலுமாரிகளை வைத்தார். வெளியே பஸாரில் துவக்கைச் சோதித்துப் பார்க்கும் வெடிச்சத்தம், உள்ளே உட்கார்ந்து பிள்ளைகள் வாசிக்கிறார்கள். துவக்குச் செய்பவர்களும் வந்து புத்தகம் எடுத்துப் போகிறார்கள். இது பட்டறைகளை மூடிவிடவில்லை. ஒரு நூலகத்தால் 100 வருடத் தொழிலை மூட முடியாது. ஆனால் தகப்பனின் அரத்தைத் தவிர வேறொன்றும் கையில் எடுக்கலாம் என்று அந்த ஊர்ப் பிள்ளைக்கு ஒரு வழி தெரிகிறது.

எங்கள் பக்கமும் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் இன்னும் இருக்கின்றன. பன்றிக்குக் கட்டிய துவக்கில் மனிதர் கால் போன செய்திகளை வாசித்திருப்பீர்கள். அவற்றில் முத்திரையும் இல்லை, இலக்கமும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை. அனுமதியில்லாத ஆயுதம் 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். அது வெடித்த பிறகு பதில் சொல்ல யாருமே இல்லை என்பதுதான் பெரிய விஷயம்.

பிள்ளைகள் கைபேசி விளையாட்டில் எல்லாத் துப்பாக்கியின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். "டிடியா? எனக்குத் தெரியும்" என்பார்கள். அடுத்த தடவை அப்படிச் சொன்னால் ஏசாதீர்கள். பக்கத்தில் உட்கார்த்தி, "யார் செய்தது? யாரைப் பார்த்துச் செய்தது? கடைசியில் அது யாருடைய கையில் போய்ச் சேர்ந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மூன்று கேள்விக்கும் பதில் தேடினால் அரைவாசி 20ஆம் நூற்றாண்டு வரலாறு தானாக வந்துவிடும்.

பயனுள்ளதென்று நினைத்தால் பகிருங்கள். உங்கள் ஊர்ப் பட்டறைகளில் பார்த்துச் செய்து பழகிய வேறு தொழில்களைப் பற்றித் தெரிந்தால் கருத்தில் எழுதுங்கள். பெரியவர்கள் பலரிடம் அந்த அறிவு இருக்கிறது, எழுதி வைக்கத்தான் ஆளில்லை.