பாலிமர் கலந்த கான்கிரீட்

சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் ஆகியவற்றோடு, கலவை இறுகுவதற்கு முன்பே ஒரு பாலிமரையும் சேர்த்துக் குழைத்துச் செய்யப்படுவது பாலிமர் கலந்த கான்கிரீட். பாலிமர் பெரும்பாலும் பால் போன்ற நீர்மமாக, அதாவது லேடெக்ஸாக வரும், தூளாகவும் கிடைக்கும். ஜல்லி இல்லாமல் மணலோடு நிறுத்திக்கொண்டால் அது பாலிமர் கலந்த சாந்து. பாலங்களின் மேல்தளம், வாகன நிறுத்த மாடி, குளியலறைத் தரை, தண்ணீர்த் தொட்டி, கம்பி தெரியும்படி உடைந்த தூணின் மூலை, டைல் ஒட்டும் பசை என்று இது பயன்படும் இடங்கள் பல.

பாலிமர் சேர்த்தால் கான்கிரீட் வலுவாகும் என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. அழுத்தும் சுமையைத் தாங்குவதில் கான்கிரீட்டுக்கு யார் துணையும் தேவையில்லை. இழுத்தால்தான் அது தோற்கும். அதன் இழுவலிமை அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பாலிமர் கைகொடுப்பது அந்தப் பலவீனமான இடத்தில். இழுவலிமையும் வளைவு தாங்கும் வலிமையும் உயரும். பழைய பரப்பைப் பிடித்துக்கொள்ளும் தன்மை கூடும். தண்ணீரும் உப்பும் உள்ளே புகுவது வெகுவாகக் குறையும். அமுக்க வலிமையோ பெரும்பாலும் இருந்த அளவிலேயே நிற்கும். சில கலவைகளில் சற்று இறங்கவும் செய்யும். கனசதுர மாதிரியை நசுக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனையை மட்டும் நம்புகிறவருக்கு, லேடெக்ஸுக்குக் கொடுத்த பணம் எங்கே போனது என்றே தெரியாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரண்டு பொருள்களை இதனோடு குழப்பிக்கொள்வது வழக்கம். சிமெண்டே இல்லாமல் எப்பாக்சி, பாலியெஸ்டர் போன்ற பிசினில் மணலையும் ஜல்லியையும் பிணைத்தால் அது பாலிமர் கான்கிரீட். நன்றாக இறுகிக் காய்ந்த கான்கிரீட்டின் நுண்துளைகளில் மெத்தில் மெத்தாக்ரிலேட் போன்ற மூலப்பொருளை ஊறவைத்து, அதை உள்ளேயே பாலிமராக மாற்றினால் அது பாலிமர் ஊட்டிய கான்கிரீட். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் இந்த இரண்டாவது வகையில் மும்முரமாக உழைத்தது. அமுக்க வலிமை மூன்று நான்கு மடங்காக உயரும் என்ற பெருமை அதற்குத்தான் உரியது. ஆனால் உலர்த்தி, ஊறவைத்து, சூடாக்கிச் செய்யும் அந்த வேலைக்குச் செலவும் சிரமமும் அதிகம் என்பதால் அது பரவவில்லை. சாதாரணக் கலவை இயந்திரத்தில் ஊற்றிக் கலக்க முடிந்த லேடெக்ஸ்தான் நிலைத்தது.

உள்ளே நடப்பது

லேடெக்ஸ் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துகள்களின் கூட்டம். சிமெண்டோடு கலக்கும் லேடெக்ஸில் துகளின் விட்டம் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அதன் பக்கத்தில் சிமெண்ட் துகள் ஒரு பாறை. கலவை குழைவாக இருக்கும்போது இந்தத் துகள்கள் எங்கும் சீராகப் பரவியிருக்கும். சிமெண்ட் நீரேற்றம் அடைந்து தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, இடுக்குகளில் நீர் வற்றும். துகள்கள் நெருங்கி வந்து சிமெண்ட் மீதும் மணல், ஜல்லிப் பரப்புகள் மீதும் அடுக்காகப் படியும். நீர் இன்னும் குறைந்ததும் அவை ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய படலமாகும். இறுகிய சிமெண்டும் பாலிமர்ப் படலமும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவிய இரட்டை வலையாக நிற்கும். நுண்விரிசல் தோன்றினால் படலம் அதன் இரு கரைகளையும் பிடித்துக்கொள்ளும். துளைகளின் வாயையும் அடைக்கும்.

இந்த விளக்கத்தை மூன்று படிகளாக வகுத்துத் தந்தவர் ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷிஹிகோ ஓஹாமா. 1995இல் வெளிவந்த அவருடைய கையேடு இத்துறையில் இன்றும் எடுத்துப் பார்க்கப்படும் நூல். படிகள் ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவதில்லை, நீரேற்றமும் படலம் உருவாவதும் ஒரே சமயத்தில் பின்னிக்கொண்டு நடக்கின்றன என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் அதைத் திருத்தினார்கள்.

எந்த லேடெக்ஸையும் சிமெண்டில் ஊற்றிவிட முடியாது. ஈரச் சிமெண்டின் காரத்தன்மை மிக அதிகம். கால்சியம் அயனிகளும் நிறைந்திருக்கும். சாதாரண லேடெக்ஸ் அதில் பட்டதும் எலுமிச்சை பிழிந்த பாலைப்போலத் திரிந்துவிடும். அதைத் தடுக்கத் துகள்களைச் சுற்றி சோப்பு போன்ற காப்புப் பொருள் சேர்க்கிறார்கள். சோப்பு வந்தால் நுரையும் வரும். நுரை காற்றுக் குமிழியாகத் தங்கினால் வலிமை போகும். ஆகவே நுரையடக்கியும் சேர்க்க வேண்டியிருக்கிறது. சிமெண்டுக்கென்று தயாரித்த லேடெக்ஸின் விலையில் ஒரு பங்கு இந்த ஏற்பாடுகளுக்கானது.

ரப்பர் பாலில் தொடங்கிய வரலாறு

காரையில் உயிர்ப்பொருள் சேர்க்கும் வழக்கம் பழையது. தமிழ்நாட்டுக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தைக் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் விட்டு அரைத்தார்கள். செட்டிநாட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை வெண்கரு சேர்ந்தது. சீனர்கள் சுண்ணாம்போடு ஒட்டரிசிக் கஞ்சியைக் கலந்து மதில் கட்டினார்கள். இவற்றையெல்லாம் பாலிமர் கலந்த கான்கிரீட்டின் முன்னோடி என்று எழுதுவது இப்போது ஒரு மோஸ்தர். வெண்கருவின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் பாலிமர்கள்தான். வெல்லம் அப்படியல்ல, அது சர்க்கரை. தவிர, அவை சுண்ணாம்பின் துணைவர்கள். சிமெண்டோடு சேரும் லேடெக்ஸ் வேறு வழியில் வந்தது.

1923இல் பிரிட்டனில் கிரெசன் என்பவர் பெற்ற காப்புரிமையில் இயற்கை ரப்பர் பால் சாலைப் பரப்புக்குப் பயன்பட்டது. சிமெண்ட் அதில் வெறும் நிரப்புப் பொருள். அடுத்த ஆண்டே லெஃபிபூர் என்பவரின் காப்புரிமை அதைத் தலைகீழாக்கியது. சிமெண்டை முதன்மையாக வைத்து, அதற்குத் தக்க அளவில் லேடெக்ஸைச் சேர்க்கும் இன்றைய எண்ணம் 1924இல் பிறந்தது என்று கொள்வதற்கு அதுதான் காரணம். 1930களின் தொடக்கத்தில் செயற்கை ரப்பருக்கும் செயற்கைப் பிசினுக்கும் காப்புரிமைகள் வந்தன.

இது ஆய்வுக்கூடத்தை விட்டுப் பெரிய அளவில் வெளியே வந்தது பாலங்களின் மேல்தான். பனி பொழியும் நாடுகளில் குளிர்காலத்தில் சாலையில் உப்பைத் தூவுவார்கள். உருகிய உப்புநீர் பாலத்தின் தளத்தில் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்; துரு பருத்துக் கான்கிரீட்டைப் பெயர்க்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் செபாய்கன் என்ற ஊரில் 1957இல் ஒரு பாலத்தின் தளத்துக்கு ஸ்டைரீன்-பியூட்டடையீன் லேடெக்ஸ் கலந்த சாந்தால் மேற்பூச்சு போட்டார்கள். பழைய தளத்தை விடாமல் பிடித்துக்கொண்டு உப்பையும் உள்ளே விடாத ஒரு மெல்லிய அடுக்கு கிடைத்ததும் மற்ற மாநிலங்களும் அந்த வழிக்கு வந்தன. பிற்காலத்தில் வர்ஜீனியாவில், மிக விரைவாக இறுகும் சிமெண்டோடு லேடெக்ஸைச் சேர்த்து, மேல்தளம் போட்ட சில மணி நேரத்திலேயே வண்டிகளை விடும் முறையும் வந்தது.

வகைகள்

ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பரை நம் ஊர்க் கடைகளில் எஸ்பிஆர் என்று கேட்டு வாங்குகிறார்கள். ஈரம் தங்கும் இடத்துக்கு இதுதான் முதல் தேர்வு; வெயிலில் மஞ்சளிப்பது இதன் குறை. நிறம் மாறக்கூடாத வெளிச்சுவருக்கு அக்ரிலிக் நல்லது. எத்திலீன்-வினைல் அசிட்டேட், தண்ணீர் பட்டதும் மறுபடி பாலாகப் பிரியும் தூளாகக் கிடைக்கிறது. மூட்டையில் வரும் டைல் பசையின் பிடிப்பு பெரும்பாலும் அந்தத் தூளால்தான்.

தவிர்க்க வேண்டியவற்றையும் சொல்லவேண்டும். மர வேலைக்கான வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட்டால் ஆனது. அதைச் சிமெண்டில் கலக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஈரமும் காரமும் சேர்ந்தால் அது மறுபடி இளகிச் சிதையும். குளியலறையில் அதை நம்பினால் டைல் பெயர்வது நிச்சயம். பாலிவினைலிடீன் குளோரைடு வகை, குளோரைடை வெளிவிட்டுக் கம்பியை அரிப்பதால் இரும்பு உள்ள கட்டுமானத்துக்கு ஆகாது.

கணக்கும் கைப்பக்குவமும்

பாலிமரின் அளவைச் சிமெண்டின் எடையில் நூற்றுக்கு இத்தனை என்று சொல்வார்கள். நீர் நீங்கலான திடப்பொருளைத்தான் கணக்கில் எடுப்பது. 10 முதல் 20 சதவீதம் வழக்கம். பாலத் தளத்துக்கு 15. வேலையிடத்தில் அதிகம் பிசகும் கணக்கு இதுதான் என்பதால் ஒரு மூட்டைக்குப் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ சிமெண்டுக்கு 15 சதவீதம் என்றால் 7.5 கிலோ திடப்பொருள் வேண்டும். லேடெக்ஸில் 48 சதவீதம் திடப்பொருள் இருந்தால் 15.6 கிலோ லேடெக்ஸ் ஊற்றவேண்டும். அதில் 8.1 கிலோ தண்ணீராகவே இருக்கிறது. நீர்-சிமெண்ட் விகிதம் 0.35 என்று வைத்தால் மொத்தம் 17.5 லிட்டர் தண்ணீர்தான் ஆகலாம். ஆக, வாளியிலிருந்து ஊற்ற மிஞ்சுவது 9.4 லிட்டர், மணலில் ஈரம் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வழக்கம்போல 25 லிட்டர் ஊற்றினால் விலை உயர்ந்த லேடெக்ஸ் கரைந்து போனதாகக் கொள்ளலாம். இவ்வளவு குறைந்த நீரில் கலவை எப்படிக் குழையும் என்ற சந்தேகம் வேண்டாம். உருண்டையான துகள்களும் சோப்புப் பொருளும் கலவையை வழுக்கி நகரச் செய்யும்.

கலந்தபின் நேரம் குறைவு. வெயிலிலும் காற்றிலும் மேற்பரப்பில் சீக்கிரமே ஆடை படியும். 15 முதல் 30 நிமிடத்துக்குள் மட்டம் இழுத்து முடித்துவிட வேண்டும். ஆடை படிந்தபின் கரணை போட்டால் பரப்பு கிழிந்து விரிசலாகும். நீண்ட நேரம் சுழற்றினால் காற்று ஏறிவிடும் என்பதால், பாலப் பணிகளில் பொருள்களைத் தனித்தனியே ஏற்றி வந்து அந்த இடத்திலேயே கலக்கும் வண்டிகளைப் பயன்படுத்துகிறார்கள்.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. சிமெண்டுக்கு ஈரம் வேண்டும். பாலிமர்ப் படலம் அமைய உலர்ச்சி வேண்டும். இந்த இருவரையும் சமாதானப்படுத்தும் வழி, முதல் ஒன்றிரண்டு நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைத்து, பிறகு சாக்கை எடுத்துக் காற்றில் ஆறவிடுவது. பாத்தி கட்டி ஏழு நாள், பதினான்கு நாள் தண்ணீர் நிறுத்தும் நம் பழக்கம் சாதாரணக் கான்கிரீட்டுக்குப் புண்ணியம்; இங்கே அது கெடுதல். மேற்பார்வையாளர் சொல்லாவிட்டால் காவலாளி தினமும் காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பாவம், அவர் தம் கடமையைத்தான் செய்கிறார்.

பழைய கான்கிரீட்டின் மேல் புதியது ஒட்டும்போது எஸ்பிஆர் கலந்த சிமெண்ட் பாலைத் தேய்த்துவிட்டுப் போடுவார்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே புதிய கலவை விழவேண்டும். தேய்த்துவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்புவதற்குள் காய்ந்துவிட்டால், ஒட்டவைக்க வந்த பூச்சே இரண்டையும் பிரிக்கும் தாளாகிவிடும். மறுபடி சுரண்டித் தேய்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நீரைக் குறைத்து வலுவூட்டும் பாலிமர்கள்

இறுகாத கலவையில் சேரும் பாலிமர் எல்லாமே படலமாவதில்லை. சிமெண்டின் எடையில் ஒரு சதவீதம் அளவில் சேரும் சூப்பர் பிளாஸ்டிசைசர்களும் பாலிமர்களே. சிமெண்ட் துகள்கள் கட்டி சேராமல் விலக்கி வைத்து, குறைந்த நீரிலேயே கலவையை ஓடச்செய்வது அவற்றின் வேலை. தண்ணீர் குறைந்தால் வலிமை கூடும் என்பதை அமெரிக்காவின் டஃப் ஆப்ராம்ஸ் 1918இலேயே நிறுவியிருந்தார். 1960களில் ஜப்பானில் கெனிச்சி ஹட்டோரி நாப்தலீன் வகையை உருவாக்கினார். 1980களில் அங்கேயே வந்த பாலிகார்பாக்சிலேட் வகை, சீப்புப் பற்கள் போன்ற கிளைகளால் துகள்களை விலக்குகிறது. அதிர்வு இயந்திரம் இல்லாமலே கம்பிகளுக்கிடையே தானாக நிரம்பும் கான்கிரீட்டை 1980களின் பிற்பகுதியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் ஹஜிமே ஒகமுரா சாத்தியமாக்கியதும் இத்தகைய சேர்மானங்களின் துணையால்தான். அமுக்க வலிமை வேண்டுமென்றால் தேடவேண்டிய பாலிமர் இது, லேடெக்ஸ் அல்ல.

எல்லைகள்

வெப்பம் லேடெக்ஸ் கான்கிரீட்டின் முதல் எதிரி. சூடேறினால் பாலிமர் இளகி, அது தந்த வளைவலிமை குறையும். தீப்பிடிக்கும் ஆபத்துள்ள கட்டடத்தில் சுமை தாங்கும் உறுப்பைப் பழுதுபார்க்க இதை மட்டும் நம்புவதில்லை. குளிரும் ஒத்துவராது. ஒவ்வொரு லேடெக்ஸுக்கும் ஒரு குறைந்தபட்ச வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே துகள்கள் படலமாக இணையாது. உறைந்து உருகிய லேடெக்ஸ் கலத்திலேயே கெட்டியாகிவிடும். நீண்டகாலச் சுமையில் சிலவகைக் கலவைகள் சாதாரணக் கான்கிரீட்டைவிட அதிகமாக நெகிழும்.

விலையும் ஒரு வரம்பு. மேலே போட்ட கணக்கில் ஒரு மூட்டைச் சிமெண்டுக்குச் சேரும் லேடெக்ஸின் விலை அந்த மூட்டையின் விலையைப்போலப் பல மடங்கு. மூன்று நான்கு சென்டிமீட்டர் மேற்பூச்சுக்கும், ஒழுகும் தொட்டிக்கும், உடைந்த விளிம்புக்கும் அந்தச் செலவு தகும். புதிதாகப் போடும் முழுக் கூரைத்தளத்துக்கு லேடெக்ஸ் கலப்பது வீண். அங்கே தண்ணீரை அளந்து ஊற்றி, ஒழுங்காக ஈரம் காத்தாலே போதும்.