மையவாடிக்குச் செல்லும் பாதை: சிறைமுகாம் புனைவும் சோவியத் வரலாறும்

1962 நவம்பரில் மாஸ்கோவின் ‘நோவி மிர்’ இலக்கிய இதழ், அதுவரை பெயர் அறியப்படாத பள்ளி ஆசிரியர் ஒருவரின் குறுநாவலை வெளியிட்டது. அலெக்சாண்டர் சோல்செனிட்சினின் ‘இவான் தெனீசவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ என்பது அது. குருஷ்சேவின் இசைவோடுதான் அச்சேறியது. ஸ்டாலினின் குற்றங்கள் கட்சி மாநாடுகளில் பேசப்பட்டிருந்தன. ஆயினும் முகாமுக்குள் ஒரு மனிதன் விடியல் முதல் இரவு வரை எவ்வாறு உயிர் தரித்தான் என்பதை அந்நாட்டு வாசகர் அச்சில் கண்டது அப்போதுதான்.

கதைநாயகன் ஷூகவ் ஓர் எளிய விவசாயி. போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, தப்பித் தன் படைக்குத் திரும்பியவன். திரும்பியதே குற்றமாயிற்று. உளவாளி என்று கையெழுத்திட்டால் முகாம், மறுத்தால் மரணம். பத்தாண்டுத் தண்டனை அவனுக்கு 3,653 நாட்களாகிறது. இதில் மிகை ஏதுமில்லை. 1941 ஆகஸ்டில் ஸ்டாலின் பிறப்பித்த 270ஆம் ஆணை, சரணடையும் தளபதிகளின் குடும்பத்தாரைக் கைது செய்யவும், சரணடையும் வீரர்களின் குடும்பங்களுக்கு அரசு உதவியை நிறுத்தவும் பணித்தது. போருக்குப் பின்னும் அந்த ஐயம் மீண்டவர்களை விடவில்லை என்பதை ஷூகவின் ஒருநாள் காட்டுகிறது.

சோல்செனிட்சின் சிறைப்பட்டிருந்த எகிபாஸ்தூஸ் முகாம் கசாக்கியப் புல்வெளியில் அமைந்தது. அதே கசாக்கிய மண்ணை, அங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் கண்கொண்டு பார்த்த நாவல் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1980 நவம்பரில், அதே இதழில் வெளியானது. ‘ஜமீலா’, ‘முதல் ஆசிரியர்’ ஆகிய படைப்புகளால் தமிழரும் அறிந்த கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘நூற்றாண்டினும் நெடிய நாள்’ அது. முகாமின் வாயிலுக்குள் அவர் நுழைவதில்லை. அதன் நிழல் எங்கும் படிந்திருக்கிறது. அபூதாலிப் என்னும் ஆசிரியரும் ஷூகவைப் போலவே பிடிபட்டுத் தப்பியவர். யூகோஸ்லாவியக் கெரில்லாக்களுடன் சேர்ந்து போரிட்டவர். 1948இல் ஸ்டாலினும் டிட்டோவும் பகைத்தபின் அப்பெருமையே பழியாகிறது. பிள்ளைகளுக்காக எழுதிவைத்த நினைவுகளே சான்றாகி, அவர் கைதாகிக் காவலில் மடிகிறார். அம்மரணத்தின் முழு விவரத்தைச் சொல்லும் பகுதி 1990இல்தான் வெளிவந்தது.

நம் வாசகர் நின்று படிக்க வேண்டிய இடம் வேறொன்று. முதிய இரயில்பாதைத் தொழிலாளி எதிகேய், நண்பர் கசங்காப்பின் ஜனாஸாவை ‘அனா பெய்த்’ என்னும் பழைய மையவாடிக்கு எடுத்துச் செல்கிறார். அங்கே முள்வேலி, உள்ளே விண்வெளி ஏவுதளம். காவல் அதிகாரியும் கசாக்கியரே. ஆனால் ரஷ்ய மொழியில் பேசுமாறு முதியவரைப் பணிக்கிறார். அவர் பெயர் தன்சிக்பாயெவ். அபூதாலிபை விசாரித்தவரின் பெயரும் அதுவே. ஒடுக்குமுறையின் கைகள் அந்நியருடையவை மட்டுமல்ல என்பதை ஐத்மாத்தவ் ஒரு பெயரைக் கொண்டே சொல்லிவிடுகிறார். இறுதியில் வேலிக்கு வெளியே, எதிகேய் முன்நின்று துஆ ஓத, நல்லடக்கம் நடைபெறுகிறது.

இதை எழுதியவருக்குத் தம் தந்தையின் கப்ர் எங்குள்ளது என்று அப்போது தெரியாது. கட்சிப் பொறுப்பாளரான தொரேகுல் ஐத்மாத்தவ் 1937இல் கைதானபோது சிங்கிஸுக்கு ஒன்பது வயதும் நிறையவில்லை. 1938 நவம்பரில் தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் பிஷ்கெக் அருகே சோன் தாஷில், பழைய செங்கற்சூளை ஒன்றிலிருந்து 137 பேரின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டன. காவலாளி ஒருவர் மகளிடம் மட்டும் சொல்லிச் சென்ற இரகசியமே அந்த இடத்தைக் காட்டிற்று. எச்சங்களோடு கிடந்த குற்றப்பத்திரிகைத் தாளால் தொரேகுல் அடையாளம் காணப்பட்டார். மறு அடக்கம் செய்யப்பட்ட அவ்விடத்துக்கு, நாவலின் ‘அனா பெய்த்’ எதிரொலிக்க, ‘அதா பெய்த்’ என மகன் பெயரிட்டார். அன்னையின் உறங்குமிடம், தந்தையின் உறங்குமிடம் என்பன அவற்றின் பொருள். 2008 ஜூனில் சிங்கிஸும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.