எதிர்காலம் எனும் எழுத்து

எழுத்து ஒலியின் குறி மட்டுமன்று. அது பிறந்த காலத்தின் முகமும் ஆகும். கல்லில் வெட்டிய எழுத்துக்கு ஒரு வடிவம்; ஓலையில் கீறிய எழுத்துக்கு மற்றொரு வடிவம். ஆலையும் பொறியும் மலிந்த இருபதாம் நூற்றாண்டில் உரோமன் எழுத்து பெற்ற புது வடிவங்களுள் தலையாயது ‘ஃபியூச்சுரா’. இனி வரவிருப்பது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள்.

ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துப் பாயர் எழுத்து வார்ப்பகம் 1927-ஆம் ஆண்டு இதனை வெளியிட்டது. வடித்தவர் பால் ரென்னர் (1878–1956). முதல் உலகப் போரில் தோற்ற நாடு தன் வாழ்வைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பழைய அணிவேலைகள் வேண்டா. வட்டமும் சதுரமும் முக்கோணமுமே போதும் எனக் கலைஞர் பலர் கருதினர். ரென்னரின் ‘ஓ’ வட்டமாகவும், ‘ஏ’ கூர்முனை முக்கோணமாகவும் அமைந்தன. கோட்டு முனைகளில் வழக்கமாக நீளும் சிறு கொடுக்குகளை அவர் நீக்கினார். பின்னர்த் தடித்த வடிவங்களும், 1929-இல் தகட்டில் வெட்டி எடுத்தாற்போன்ற ‘ஃபியூச்சுரா பிளாக்’ எனும் விளம்பர எழுத்தும் வந்தன.

இவ்வெழுத்து காம்பசும் அடிமட்டமும் கொண்டு வரைந்தது போலத் தோன்றும், உண்மை அதுவன்று. ஒரே தடிப்புடைய இரு கோடுகளுள் கிடைக்கோடே கண்ணுக்குத் தடித்துத் தெரியும். ஆதலின் அதனைச் சற்றே மெலிவித்தார். வட்டமும் தண்டும் கூடுமிடத்தில் கருமை திரளாதவாறு கோட்டை இளைக்கச் செய்தார். தோற்றம் பொறியினுடையது; கணக்கோ மனிதக் கண்ணினுடையது.

அந்நாளில் ஜெர்மானிய நூல்கள் பல, முறிந்த கோடுகள் செறிந்த ‘ஃபிராக்டூர்’ எனும் பழைய எழுத்திலேயே அச்சாயின. அதனைத் தம் இனத்தின் அடையாளமாகக் கொண்டு, புதுமைக் கலையை அந்நியம் எனப் பழித்தனர் நாஜிகள். அப்போக்கைக் கண்டித்து ரென்னர் 1932-இல் எழுதிய சிறுநூல் சூரிச் நகரில் வெளியாயிற்று. மறு ஆண்டே நாஜிகள் ஆட்சிக்கு வந்தனர். ரென்னர் சிறைப்பட்டார்; மியூனிக் நகரில் தாம் நடத்திவந்த அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பதவியையும் இழந்தார்.

பின் நிகழ்ந்ததே விந்தை. 1941 ஜனவரி 3-ஆம் நாள் அவ்வாட்சியே பழைய எழுத்தை ‘யூத எழுத்து’ எனப் பொய்க்காரணம் கூறி விலக்கி, உரோமன் எழுத்தைப் பொது எழுத்தாக்கியது. நேற்றுப் பெருமை எனப் போற்றியதை இன்று இழிவு எனத் தள்ள ஓர் ஆணையே போதியதாயிற்று!

1945-இல் அவ்வாட்சி அழிந்தது, எழுத்து அழியவில்லை. 1969 ஜூலையில் அப்பல்லோ 11 கலம் நிலவில் விட்டுவந்த உலோகப் பலகையில், மனிதகுலம் முழுமைக்குமாக அமைதியுடன் வந்தோம் எனும் செய்தி ஃபியூச்சுரா எழுத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளது. ரென்னர் அதனைக் காண உயிருடன் இல்லை.

தமிழும் நாகரியும் உரோமனும் ஒருசேரக் கற்கும் நம் குடியிருப்புச் சிறார்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. தன் எழுத்தைப் போற்றுதல் வேறு. பிறர் எழுத்தைப் பழித்தல் வேறு. முன்னது பண்பாட்டை வளர்க்கும். பின்னது எப்பண்பாட்டையும் காத்ததில்லை.