1962 இலங்கை ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி

தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசைக் கவிழ்க்க, இலங்கையின் தரைப்படை, கடற்படை, காவல்துறை உயரதிகாரிகள் சிலர் 1962 ஜனவரி 27 இரவுக்குத் தீட்டிய திட்டம். ஆசியாவில் 1958-ல் பாகிஸ்தானிலும் 1962 மார்ச்சில் பர்மாவிலும் படையினர் ஆட்சியைப் பிடித்தார்கள். இலங்கை தப்பியது.

கைதானவர்களில் சிங்களவர், தமிழர், பறங்கியர் மூன்று தரப்பினரும் இருந்தனர். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஆங்கிலக் கல்வி பெற்ற மேல்தட்டினர். 1956-ன் தனிச் சிங்களச் சட்டம், பள்ளிகளை அரசு கையகப்படுத்தியது, 1961-ல் தமிழர் சத்தியாக்கிரகத்தை ஒடுக்க இராணுவத்தை அனுப்பியது எல்லாம் அவர்களுடைய மனக்குறையை வளர்த்தன. கர்னல் எஃப்.சி. டி சேரம், காவல்துறை டி.ஐ.ஜி. சி.சி. திசாநாயக்க ஆகியோர் முன்னின்றனர்.

நள்ளிரவில் அமைச்சர்களைக் கைது செய்து கொழும்பைப் பிடிப்பது ஏற்பாடு. இதற்கு உடன்பட வேண்டியிருந்த கொழும்பு காவல் கண்காணிப்பாளர் ஸ்டான்லி சேனாநாயக்க விஷயத்தை மனைவியிடம் சொன்னார். மனைவி தன் தந்தையும் ஆளுங்கட்சிக்காரருமான பி. டி எஸ். குலரத்னவிடம் சொல்ல, அவர் காவல்துறைத் தலைவருக்குத் தெரிவித்தார். இரவோடிரவாகப் பிரதமரின் இல்லமான அலரி மாளிகைக்கு அழைத்துவரப்பட்ட அதிகாரிகளை, நிதி அமைச்சர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவே விசாரித்தார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

சதியை முறியடித்ததில் அரசின் மீது குற்றம் சொல்ல இடமில்லை. தண்டிக்கப் புறப்பட்ட விதம்தான் கொடிது. அதற்கென்றே 1962-ல் இயற்றிய தனிச் சட்டம், அவ்வாண்டு ஜனவரி 1 முதலே செல்லும் என்றது. குறைந்தது பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் கட்டாயம். சாதாரண வழக்கில் ஏற்கப்படாத சாட்சியங்களும் இதில் செல்லும். நீதிபதிகளையே அமைச்சர் நியமிக்கலாம். அப்படி அமைந்த முதல் அமர்வு, அந்த நியமன முறை செல்லாது என்று தீர்ப்பளித்து விலகியது. கொழும்பு நீதித்துறைக்குப் பெருமை சேர்த்த செயல் அது. இரண்டாம் அமர்வும் கலைந்தது, நீதிபதிகளில் ஒருவர் முன்னர் இதே வழக்கின் புலனாய்வில் பங்கு வகித்தவர் என்பதால். மூன்றாம் அமர்வு 1965 ஏப்ரலில், குற்றஞ்சாட்டப்பட்ட 24 பேரில் 11 பேரைத் தண்டித்தது.

மேல்முறையீட்டில் லண்டன் பிரிவி கவுன்சில் அதே ஆண்டு டிசம்பரில் அனைவரையும் விடுவித்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்காகவே நாடாளுமன்றம் சட்டம் செய்வது நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைப்பது என்றது தீர்ப்பு.

இதன்பின் படைகளில் சிங்கள பௌத்தரின் விகிதம் சீராக ஏறியது. உள்நாட்டுப் போர் வெடித்த 1983-ல் தமிழர் எதிர்கொண்டது ஏறத்தாழ முழுவதும் சிங்களவரான இராணுவத்தை. ‘லியனகே வழக்கு’ எனப்படும் அந்தப் பிரிவி கவுன்சில் தீர்ப்போ கடல் தாண்டியது: இந்திரா காந்தியின் தேர்தல் வழக்கில் 1975-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை விவாதித்தது.