சூலியா தெருவில் நம் முன்னோர்கள்

பினாங்கு என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது கொடிமலை ரயில், பத்து ஃபிரிங்கி கடற்கரை, சுவரோவியங்கள். விடுமுறையில் போகிறவர்கள் இவற்றைப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு நாசி கண்டாரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பொன்விழா மலரில் நாங்கள் எழுத நினைத்தது ஜார்ஜ் டவுனின் ஒரு சிறிய வட்டாரத்தைப் பற்றி. அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம். நம் முன்னோர்கள் கப்பலிலிருந்து இறங்கி மூட்டையை வைத்த இடம் அது.

1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றியபோது நம்மவர்கள் இந்தக் கடலுக்குப் புதியவர்கள் அல்லர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை துறைகளிலிருந்து துணி ஏற்றிவந்து, கெடாவிலிருந்து பாக்கும் ஈயமும் யானையும்கூட ஏற்றிச் சென்றவர்கள். சூலியர் என்று அழைக்கப்பட்ட அவர்களில் பலர் கெடாவிலிருந்தே புதிய துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார்கள். 1794-இல் லைட் எழுதிய அறிக்கையில், ஆயிரம் சூலியர் வரை இங்கே குடியிருப்பதாகவும், ஆண்டுதோறும் கப்பல்களில் 1300 முதல் 2000 பேர் வருவதாகவும், நாலு காசு சேர்ந்ததும் அவர்கள் ஊர் திரும்ப, வேறு ஆட்கள் வந்து நிற்பதாகவும் குறித்திருக்கிறார். நம் வரலாறு முழுவதும் இந்த வரவிலும் போக்கிலும்தான் இருக்கிறது. பெண்டு பிள்ளைகள் ஊரில், ஆண்கள் கடையிலும் படகுத்துறையிலும். இங்கேயே மலாய்ப் பெண்களை நிக்காஹ் செய்துகொண்டவர்களின் வழிவந்தவர்களே ஜாவி பெக்கான் மக்கள்.

சூலியா தெருவும் கிங் தெருவும் கூடுமிடத்தில் நாகூர் தர்கா இருக்கிறது. ஷாகுல் ஹமீது பாதுஷா நாயகம் அடங்கியிருப்பது நாகூரில். கடல் கடந்தவர்கள் இங்கே ஒரு நினைவிடம் எழுப்பிக்கொண்டார்கள். அதன் சுவரோடு ஒட்டிய சின்னக் கடைகளைப் பார்க்காமல் வரக்கூடாது. தொழுகையும் தொழிலும் நம்மவர்களுக்கு எப்போதும் பக்கத்துப் பக்கத்து வீடு.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். 1801-இல் காதர் முகைதீன் மரைக்காயரைச் சமூகத் தலைவராக ஏற்று, கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் தந்தது. 'கெலிங்' என்ற சொல் இன்று நம்மவர் காதில் வசவாக விழுகிறது. அன்று அது பதவிப் பெயரிலேயே இருந்தது. 18 ஏக்கர் என்றால் பள்ளிவாசல் மட்டுமல்ல, மையவாடி, குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்த ஒரு முழு மஹல்லா. இன்று பள்ளிவாசல் வளாகத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தப் பரப்பு கண்ணுக்குத் தெரியாது. வக்பு நிர்வாகம் சீர்கெட்டது. 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த முகமதியர், இந்து அறநிலைய வாரியம் பொறுப்பேற்றது. பள்ளிவாசலைச் சுற்றி நெருக்கமாக இருந்த வீடுகள் அகற்றப்பட்டன, கடைவீடுகள் எழுந்தன. வருமானம் பெருகியது உண்மை; மஹல்லா கலைந்ததும் உண்மை.

இந்தச் சாலையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில் எல்லாம் இருப்பதால் 'நல்லிணக்கத் தெரு' என்று வழிகாட்டிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான். ஆனால் 1867 ஆகஸ்டில் இதே தெருக்களில் பத்து நாள் கலவரம் நடந்தது. கீ ஹின், தோ பே கோங் என்ற சீன இரகசியச் சங்கங்களின் சண்டையில் வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று முஸ்லிம்களும் இரு அணியாகப் பிரிந்து நின்றார்கள். மதம் பார்த்து வந்த சண்டை அல்ல அது. யாருடைய ஆள் என்று பார்த்து வந்தது.

பதினாறே ஆண்டுகளில், 1883-இல், இதே நகரில் நாகூர் குலாம் காதிறு நாவலர் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்தினார். பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கப் புலவராக விளங்கிய அதே நாவலர்தான். மூட்டை சுமந்தவர்களும் கடை வைத்தவர்களும் மட்டுமே நம் முன்னோர் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம் பக்கத்தார் பெருவாரியாக வந்தது பிற்காலத்தில். தோளில் காவுத்தடி, ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புகள். 'கண்டார்' என்ற பெயர் அந்தத் தடியால் வந்தது. 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலில் வந்திறங்கிய பெரியவர்கள் சிலர் இன்னும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். எந்தத் தெருவில், யாருடைய கடை மாடியில் முதல் இரவு தூங்கினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கப் பதிவேட்டில் அது கிடைக்காது.

இப்போது அந்த மாடிகளில் ஆள் மாறிவிட்டது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 ஜனவரியோடு முடிவுக்கு வந்தது. வாடகை ஏற, பழைய குடித்தனக்காரர்கள் ஆயர் ஈத்தாம், பாயான் லெப்பாஸ், பட்டர்வொர்த் என்று பிரிந்து போனார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுரிமை நகராக அறிவித்தபோது, கட்டடங்கள் தப்பின. ஜும்ஆவுக்கு மட்டும் பலர் இன்னும் பழைய பள்ளிவாசலுக்கே வருகிறார்கள்.

தொழுதுவிட்டு வெளியே வந்தால், கொஞ்ச தூரம் நடந்து கம்போங் கோலாமுக்குப் போங்கள். காதர் முகைதீன் மரைக்காயர் அடங்கியிருப்பது அங்கேதான். ஒரு பாத்திஹா ஓதிவிட்டு வரலாம்.