ரோமில் காந்தி: ஒரு குளிர்கால நாள்

டிசம்பர் மாதத்து ரோம் நகரம் சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்தமானது. கோடைக் கூட்டம் இருக்காது. பகலில் இதமான வெயில், ஐந்து மணிக்குள் இருட்டு, தெருமுனையில் கரியடுப்பில் வறுத்த செஸ்ட்நட் கொட்டைகளின் வாசனை. காலையில் வாடிகன், மதியம் பாஸ்தா, மாலையில் கொலோசியம் என்று சுற்றிவிட்டு ரயிலேறுவார்கள்.

1931 டிசம்பர் 12, சனிக்கிழமை காலையில் ரோம் ரயில் நிலையத்தில் இறங்கிய 62 வயதுப் பயணி ஒருவரும் ஏறக்குறைய இதையேதான் செய்தார். வாடிகன் பார்த்தார், ஊர் சுற்றினார், பழம் சாப்பிட்டார், அடுத்த நாள் கிளம்பிவிட்டார். இடுப்பில் முழங்காலளவு கதர் வேட்டி, மேலே ஒரு போர்வை, காலில் செருப்பு. ஐரோப்பியக் குளிருக்கு அவ்வளவுதான் அவர் உடை!

காந்திகிராமத்தில் காந்தியக் கல்வி படிக்கும் மாணவருக்கு தண்டி யாத்திரை மனப்பாடம். வட்டமேஜை மாநாடும் தெரியும். ஆனால் மாநாடு முடிந்து திரும்பும் வழியில் காந்தி ரோமில் கழித்த ஒன்றரை நாள் எந்தத் தேர்விலும் கேள்வியாக வருவதில்லை. வராததற்குக் காரணமும் இருக்கிறது. அது கொஞ்சம் சங்கடமான கதை.

இரண்டாவது வட்டமேஜை மாநாடு 1931 டிசம்பர் 1ஆம் தேதி முடிந்தது. காந்திக்குக் கிடைத்தது ஏமாற்றம் மட்டுமே. டிசம்பர் 5 அன்று லண்டனை விட்டுக் கிளம்பினார். கூடவே மகாதேவ தேசாய், பியாரேலால், மகன் தேவதாஸ், மீராபென். இவர்களோடு ஸ்காட்லாந்து யார்டு போலீஸ்காரர்கள் இருவரும் பிரிண்டிசி துறைமுகம் வரை வந்தார்கள். காவலுக்கு வந்தவர்களை காந்தி நண்பர்களாக்கிக் கொண்டார். தம்மோடு அவர்களும் அதுவரை வர வேண்டும் என்று கேட்டு வாங்கியதே அவர்தான்! பிறகு இந்தியாவிலிருந்து இருவருக்கும் கைக்கடிகாரம் பரிசு அனுப்பினார்.

பாரிஸில் ஒரு கூட்டம் பேசிவிட்டு சுவிட்சர்லாந்தின் வில்நெவ் ஊருக்குப் போனார்கள். காந்தியின் வரலாற்றை எழுதி ஐரோப்பாவுக்கு அவரை அறிமுகப்படுத்திய ரொமெய்ன் ரோலான் அங்கேதான் இருந்தார். ஐந்து நாள் பேச்சு. கடைசி இரவில் ரோலான் பியானோவில் பீத்தோவன் வாசித்துக் காட்டினார். ஆனால் அவர் மனதில் இருந்த கவலை வேறு: காந்தி இத்தாலிக்குப் போகிறாரே!

அந்தக் கவலைக்குக் காரணம் ரவீந்திரநாத் தாகூர். 1926இல் தாகூர் முசோலினியின் விருந்தாளியாக இத்தாலி போனார். ராஜ உபசாரம். தாகூர் மரியாதைக்குச் சொன்ன நல்ல வார்த்தைகளை இத்தாலியப் பத்திரிகைகள் ஃபாசிசத்துக்கு ஒரு கவிஞர் தந்த ஆசீர்வாதமாக மாற்றி அச்சடித்தன. பிறகு இதே ரோலான்தான் உண்மை நிலவரத்தைத் தாகூருக்கு எடுத்துச் சொன்னார். தாகூர் மனம் வருந்தி, தம் கருத்தை விளக்கி ஆங்கிலப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் மத்தியோத்தி 1924இல் கடத்திக் கொல்லப்பட்ட நாடு அது. அந்தோனியோ கிராம்சி 1926 முதல் சிறையில் இருந்தார். பத்திரிகை எல்லாம் அரசின் கைக்குள்.

காந்தி கேட்டுக்கொண்டார். ஆனால் பயணத்தை மாற்றவில்லை. போப்பாண்டவரைப் பார்க்க ஆசை. முசோலினியையும் நேரில் பார்க்க வேண்டும். யாரைப் பற்றியும் கேள்விப்பட்டதை வைத்து முடிவு செய்யாதவர் அவர். ரோலான் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அரசு விருந்தினராகத் தங்காமல், மோன்தே மாரியோ பகுதியில் இருந்த ஜெனரல் மோரிஸ் என்பவரின் வீட்டில் தங்க ஏற்பாடு செய்தார்.

ரோமில் முதல் ஏமாற்றம் வாடிகனில். அப்போது போப்பாண்டவர் பதினோராம் பயஸ். காந்தியை அவர் சந்திக்கவில்லை. உடைதான் காரணம் என்று சிலரும், பிரிட்டிஷ் அரசின் மனம் கோணக்கூடாது என்பதால் என்று சிலரும் சொன்னார்கள். உடை என்பது உண்மையானால் அதற்கு நம் பக்கத்து ஊர்தான் பொறுப்பு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டின் மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டு இந்த அரையாடைக்கு மாறினார். மதுரை ஏழைகளைப் பார்த்து எடுத்த முடிவு, பத்து வருடம் கழித்து ரோமில் ஒரு வாசலை மூடியிருக்கலாம்.

வாடிகன் அருங்காட்சியகமும் சிஸ்டைன் ஆலயமும் அவருக்குத் திறந்தே இருந்தன. சிஸ்டைன் ஆலயத்துக்குள் நுழையும் எவரும் முதலில் தலையைத் தூக்கி மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்த கூரை ஓவியங்களைத்தான் பார்ப்பார்கள். கழுத்து வலிக்கும் வரை பார்ப்பார்கள். காந்தியை நிறுத்தியது வேறு: அங்கே இருந்த, சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் உருவம். அதை விட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை. சுற்றி வந்து பார்த்தார். கண்களில் நீர் வந்ததாகப் பிறகு அவரே எழுதினார். தனி மனிதரைப் போலவே தேசங்களும் வேதனையைத் தாங்கித்தான் உருவாகின்றன என்று அந்த இடத்தில் தமக்குத் தோன்றியதாகவும் சொன்னார். கலைப் பொருள் பார்த்து அழுகிற ஆள் இல்லை அவர். வட்டமேஜை மாநாட்டில் தோற்று, ஊருக்குப் போனால் சிறை என்று தெரிந்து திரும்பிக்கொண்டிருந்தவர் என்பதை நினைத்தால் அந்தக் கண்ணீர் புரியும்.

மாலையில் பலாஸோ வெனிஸியா. முசோலினியின் அலுவலகம் அங்கே ஒரு பிரம்மாண்டமான மண்டபம். மேஜை மறுகோடியில் இருக்கும். வருகிறவர் அந்த வழவழப்பான தரையில் அவ்வளவு தூரமும் தனியாக நடந்து போக வேண்டும். மேஜையை அடைவதற்குள் பாதி தைரியம் போய்விடும்; அதற்காகத்தானே அந்த ஏற்பாடு! காந்திக்கு மட்டும் முசோலினி எழுந்து எதிரே நடந்து வந்து வரவேற்றார். ஆங்கிலத்திலேயே இந்தியாவைப் பற்றி விசாரித்தார். சில நிமிடங்களில் சந்திப்பு முடிந்தது. வெளியே வந்த காந்திக்கு நினைவில் நின்றது அந்தக் கண்கள்தான். பூனையின் கண்களைப் போல எல்லாத் திசையிலும் அலைந்துகொண்டே இருந்தன என்று அவர் சொன்னதை லூயி ஃபிஷர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

காட்ட வேண்டியதையெல்லாம் காட்டினார்கள். பாலில்லா என்ற ஃபாசிச சிறுவர் படையின் அணிவகுப்பு அதில் ஒன்று. பள்ளிக்கூடப் பையன்கள் சீருடையில், கையில் சின்னத் துப்பாக்கியோடு! அகிம்சையின் தூதருக்குக் காட்டுவதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. (இளைஞர்களைச் சீருடையில் அணிவகுக்கச் செய்யும் வழக்கம் பின்னாளில் காந்திகிராமத்திலும் வந்தது. சாந்தி சேனை என்று பெயர். ஆயுதம் கிடையாது. இரண்டு அணிவகுப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழுங்கு என்ற ஒரே சொல்லுக்கு எவ்வளவு தூரமான இரண்டு அர்த்தங்கள் உண்டு என்று தெரியும்.)

சாப்பாட்டுக்கு வருவோம். ரோமில் காந்திக்கு விருந்து வைப்பது சுலபமான வேலை அல்ல. 1915இல் ஹரித்வார் கும்பமேளாவில் அவர் எடுத்த விரதப்படி ஒரு நாளைக்கு ஐந்து பொருள்களுக்கு மேல் சாப்பிடக்கூடாது. இருட்டிய பிறகு எதுவும் கூடாது. பசும்பாலும் எருமைப்பாலும் கிடையாது, ஆட்டுப்பால்தான். டிசம்பரில் ரோமில் சூரியன் நாலே முக்கால் மணிக்குள் மறைந்துவிடும். அதற்குள் சாப்பாட்டை முடித்தாக வேண்டும். இத்தாலியர்கள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட உட்காருகிறவர்கள். பாவம், விருந்தளித்தவர்கள்!

அந்த ஐந்து பொருள் கணக்குக்குள் அடங்கும் ஒரு விருந்தும் வந்தது. வந்த இடம் டால்ஸ்டாயின் மூத்த மகள் தாத்யானாவின் வீடு. ரஷ்யாவை விட்டு வெளியேறி ரோமில் வசித்தார் அவர். காந்திக்கும் டால்ஸ்டாய்க்கும் இருந்த உறவு தெரிந்ததே. 1910 செப்டம்பரில், இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, டால்ஸ்டாய் காந்திக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஜோகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். அந்தப் பெயருக்கு உரியவரின் மகளைத் தேடிப் போனதில் வியப்பில்லை.

அங்கே தரையில் உட்கார்ந்து காந்தி நூற்றுக்கொண்டிருந்தார். அப்போது இத்தாலிய அரசரின் கடைசி மகள் மரியா உள்ளே வந்தாள். பதினேழு வயது கூட நிறையாத பெண். ஒரு பெரிய கூடை நிறைய அத்திப்பழம். மகாராணியே தம் கையால் எடுத்து வைத்தது என்று கூட வந்த தோழி சொன்னாள். போப்பாண்டவர் பார்க்க மறுத்த மனிதருக்கு அரண்மனையிலிருந்து பழக்கூடை! அந்த வீட்டுக்கு இன்னொரு சுவாரசியமும் உண்டு. தாத்யானாவின் மகளை மணந்தவர், ஃபாசிஸ்டுகளின் நெருக்குதலால் 1925இல் ஆசிரியர் பதவியை இழந்த புகழ்பெற்ற பத்திரிகையாளர் லூயிஜி அல்பெர்தினியின் மகன். அன்றைய ரோமில் அரசு அமைக்காத ஒரு காட்சியை காந்தி பார்த்தார் என்றால் அது அந்தக் கூடமாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 13 இரவு ரயிலேறி, 14ஆம் தேதி பிரிண்டிசியில் பில்ஸ்னா கப்பலில் ஏறினார்கள். கப்பல் கிளம்பிய பிறகு ரோலான் பயந்தது நடந்தது. ரோமின் 'ஜொர்னாலே தி இத்தாலியா' பத்திரிகை காந்தியின் பேட்டி என்று ஒன்றை வெளியிட்டது. இந்தியா திரும்பியதும் போராட்டத்தை மறுபடி தொடங்கப் போவதாக அவர் சொன்னாராம். லண்டனில் பரபரப்பு. அப்படி ஒரு பேட்டி தாம் கொடுக்கவே இல்லை என்று காந்தி கப்பலிலிருந்து தந்தி அடித்தார். நம்பினவர்கள் நம்பினார்கள். அவரை எப்போதும் நம்பாதவர்களுக்கு அந்தத் தந்தி போதவில்லை.

பத்திரிகை செய்தது மோசடி. அதற்கு காந்தி பொறுப்பல்ல. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. டிசம்பர் 20 அன்று கப்பலிலிருந்து ரோலானுக்கு அவர் எழுதிய கடிதம். முசோலினி தமக்கு ஒரு புதிர் என்கிறார். இரும்புக் கரம் இருப்பது தெரிகிறது, வன்முறை தெரிகிறது என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆனால் குடியானவர்களுக்கு அவர் நிறையச் செய்திருப்பதாகத் தெரிகிறது. நகரங்கள் அளவுக்கு மீறி வளர்வதை எதிர்க்கிறார். மக்கள் மீது அவருக்கு அன்பு இருக்கிறது என்றும் எழுதுகிறார்.

காந்தியை மயக்கியது எது என்று பாருங்கள். அதிகாரமோ ஆடம்பரமோ இல்லை. கிராமம்! நகரத்தை விட்டுக் கிராமத்துக்குத் திரும்பு என்பதுதான் காந்தியின் வாழ்நாள் பேச்சு. முசோலினியும் அதையே பேசினார். 1925இல் கோதுமை உற்பத்திக்கு 'தானியப் போர்' என்றே பெயர் வைத்து ஊரெல்லாம் முழங்கினார். ஆனால் அங்கே விவசாயத் தொழிலாளர் சங்கங்களை அடித்து நொறுக்கித்தான் ஃபாசிசம் ஆட்சிக்கே வந்தது. கிராமத்தைப் புகழ்வது வேறு, கிராமத்தானைத் தலைநிமிர விடுவது வேறு. ஒன்றரை நாள் விருந்தாளிக்கு முதலாவது மட்டும்தான் காட்டப்பட்டது. பூனைக் கண்ணைச் சரியாகப் படித்தவர், பூனையின் பேச்சில் தம் சொந்த வார்த்தைகளைக் கேட்டதும் கொஞ்சம் இளகிவிட்டார். காந்தியைக் குறை சொல்லக் கூடாது என்று இதை மூடி வைப்பவர்கள் உண்டு. தம் தவறுகளைத் தாமே அச்சில் போட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை.

கப்பலேறிய பிரிண்டிசி இருக்கும் அதே அப்புலியா மாநிலத்தில், பாரி நகருக்குப் பக்கத்தில் துரி என்ற சிற்றூரின் சிறையில்தான் அப்போது கிராம்சி நோட்டுப் புத்தகங்களில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புகளில் காந்தியின் போராட்ட முறையைப் பற்றியும் வருகிறது. அவரைப் பற்றி காந்தியிடம் யாரும் காட்டியிருக்க வாய்ப்பில்லை. 1935இல் முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்து விஷவாயுவைப் பயன்படுத்தியபோது புதிருக்கு விடை உலகத்துக்கே தெரிந்தது.

காந்தி டிசம்பர் 28 அன்று பம்பாயில் இறங்கினார். ஒரு வாரத்தில், 1932 ஜனவரி 4 அன்று, கைதாகி எரவாடா சிறைக்குப் போனார். 1946 பிப்ரவரியில் மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் போனபோது அம்பாத்துரை வழியாகத்தான் போனார். தண்டவாளத்துக்கு அருகே அப்போது காந்திகிராமம் இல்லை. அடுத்த ஆண்டு டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சிறுமலை அடிவாரத்தில் அதைத் தொடங்கினார்கள். கட்டாயப்படுத்தாமல், சின்னாளபட்டி நெசவாளியையும் சுற்றுப்பட்டு விவசாயியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசி, கிராம முன்னேற்றம் என்பதை வேறு விதமாகச் செய்து பார்க்க.